குட்டி ஃப்ரேம் வாங்கலாமா, அக்கா?

கேள்வி: அக்கா, எனக்குச் சொந்த ஊர் சின்னாளப்பட்டி, இப்போது இருப்பது ஹூஸ்டனில். அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகளை வெட்டி க்வில்ட் தைக்க ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது. வருஷத்துக்கு மூன்று முடிப்பேன், கை ஓடினால் நாலு. நேர்த்தையல் மட்டும் போடுகிற மிஷின் வைத்திருக்கிறேன், ஊசிக்கும் தூணுக்கும் நடுவில் 9 அங்குல இடம். துண்டு சேர்க்கிற வரைக்கும் சந்தோஷமாகத்தான் போகிறது. அதற்கப்புறம் மூன்று அடுக்கையும் தரையில் விரித்து முட்டி போட்டு சேஃப்டி பின் குத்துவதும், மொத்தத்தையும் சுருட்டி மிஷினுக்குள் திணித்துத் தைப்பதும்தான் உயிர் போகிறது. வீட்டில் வைக்கிற சின்ன க்வில்டிங் ஃப்ரேம் ஒன்று பழசாக 700 டாலருக்கு வருகிறது, என் மிஷினையே அதில் ஏற்றிக்கொள்ளலாமாம். வீட்டுக்காரர் "வாங்கு, ஆனா டிரெட்மில் பக்கத்துல வேணாம்" என்கிறார் (அந்த டிரெட்மில்லில் துணிதான் காய்கிறது). வாங்கலாமா?
– வாசகி, ஹூஸ்டன்

பதில்: வேண்டாம், அந்த ஃப்ரேமை விட்டுவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும், ஏனென்றால் இதே தப்பைக் காசு கொடுத்துச் செய்து பார்த்தவள் நான்.

இந்த வேலை தெரியாதவர்களுக்கு முதலில் இரண்டு வரி. க்வில்ட்டில் மூன்று அடுக்கு உண்டு. மேலே துண்டுகள் சேர்த்த துணி, நடுவில் பேட்டிங் என்கிற பஞ்சு விரிப்பு (கிரிக்கெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை), அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற தையலுக்குத்தான் க்வில்டிங் என்று பெயர். சாதாரண மிஷினில் ஊசி ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருக்கும், நாம்தான் போர்வையை நகர்த்த வேண்டும். கையை அசைக்காமல் வாசலை நகர்த்திக் கோலம் போடுகிற மாதிரி. ஃப்ரேமில் இது தலைகீழ். துணி உருளைகளில் சுற்றி விறைப்பாக நிற்கும், மிஷின் சக்கரம் வைத்த தட்டின் மேல் ஏறிக்கொண்டு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஓடும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நாம் வரைந்துகொண்டே போகலாம். கடையில் ஒரு நிமிஷம் ஓட்டிப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது.

கடையில் மாதிரிக்கு மாட்டியிருப்பது ஒரு முழம் துணி. வீட்டுக்குக் கொண்டுவந்து 80 அங்குலப் போர்வையை ஏற்றும்போதுதான் சங்கதி புரியும். ஃப்ரேமில் உங்கள் மிஷின் பக்கவாட்டில் திரும்பி, ஊசிப்பக்கம் உங்களைப் பார்த்தபடி, தூண் பின்னால் தள்ளி நிற்கும். தைத்து முடித்த பகுதியைச் சுற்றுகிற உருளை இந்த ஊசிக்கும் தூணுக்கும் நடுவில் உள்ள 9 அங்குலத்துக்குள்தான் போய் உட்கார வேண்டும், அதற்கு வேறு போக்கிடம் கிடையாது. ஆரம்பத்தில் உருளை மெலிசு, இடம் தாராளம். போகப்போகச் சுருள் பருக்கும். மூன்று அடுக்கும் சேர்ந்து எட்டில் ஒரு அங்குலத் தடிமன், உருளை ஒன்றரை அங்குலக் குழாய் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 80 அங்குலமும் சுற்றி முடிக்கிற நேரத்தில் சுருளின் குறுக்களவு கிட்டத்தட்ட 4 அங்குலம். மிச்சம் 5. ஊசிப் பாதம் சுருளில் போய் இடிக்காமல் இருக்க இன்னும் கொஞ்சம் விட்டால் கையில் நிற்பது 4 அங்குலப் பட்டை. அந்த நாலு அங்குலத்துக்குள் என்ன பூ வரைய முடியும்?

நான் வரைந்தேன். ஓஹாயோவில் இருந்தபோது இதே மாதிரி பழைய ஃப்ரேம் ஒன்றை வாங்கி, முதல் போர்வையில் பெரிய பெரிய இறகு டிசைனாக ஆரம்பித்து, பாதி தாண்டியதும் இறகு சிறுத்து, கடைசி மூன்றில் ஒரு பங்குக்கு வரும்போது கல்யாணப் பத்திரிகையில் இடம் போதாமல் அடியில் பொடி எழுத்தில் சேர்த்த சித்தப்பா பெரியப்பா பெயர்கள் மாதிரி ஆகிவிட்டது. விற்றவர் "ராஜா கட்டில் அளவு வரைக்கும் தைக்கலாம்" என்றுதான் சொன்னார். பொய் இல்லை, தைக்கலாம். எப்படித் தைக்கலாம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆக, ஃப்ரேம் எத்தனை அடி நீளம் என்பதை எல்லாரும் கேட்கிறார்கள், மிஷினின் உள்ளிடம், அதாவது ஊசிக்கும் தூணுக்கும் நடுவில் உள்ள இடம், எத்தனை அங்குலம் என்று கேட்பதில்லை. கேட்க வேண்டியது இரண்டாவதுதான். நீங்கள் தைக்கிறது 40 அங்குலத்துக்கு 40 குழந்தைப் போர்வை என்றால் உங்கள் 9 அங்குல மிஷின் ஃப்ரேமில் சமாளிக்கும், சுருள் அவ்வளவு பருக்காது. கட்டிலுக்குப் போடுகிற போர்வை என்றால் 15, 16 அங்குலமாவது உள்ளிடம் இருக்கிற, நின்றுகொண்டு ஓட்டுகிற மிஷின் வேண்டும். அது வேறு விலை.

இன்னொன்று, "சின்ன ஃப்ரேம்" என்ற பெயரில் இரண்டு வேறு சாமான்களை விற்கிறார்கள். உருளை உள்ளது ஒரு வகை. இதில் மூன்று அடுக்கையும் தனித்தனியாக ஏற்றலாம், தரையில் விரித்துப் பின் குத்துகிற வேலையே இல்லை. என்னைக் கேட்டால் ஃப்ரேமின் உண்மையான பெருமை இது ஒன்றுதான், தையல் அழகெல்லாம் அப்புறம். மற்றது உருளை இல்லாமல், போர்வையின் ஒரு பகுதியை மட்டும் கிளிப் போட்டு இழுத்து, அந்தச் சதுரத்தைத் தைத்துவிட்டு, அவிழ்த்து நகர்த்தி மறுபடி கிளிப் போடுகிற வகை. இடம் அடைக்காது, சுருள் பிரச்சினையும் இல்லை. ஆனால் மூன்று அடுக்கையும் முன்கூட்டியே பின் குத்தியோ நூலோட்டியோ வைத்திருக்க வேண்டும், அதாவது மறுபடி தரை, மறுபடி முட்டி. உங்களுக்கு வருகிற 700 டாலர் ஃப்ரேம் இதில் எது என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டாவது வகையானால் யோசிக்கவே வேண்டாம்.

உங்களுக்கு எந்த மாதிரி தையல் பிடிக்கும் என்பதையும் எழுதவில்லை. கட்டம் கட்டமாக, நேர்கோடாக ஓட்டுகிறவர் என்றால் ஃப்ரேம் உங்களுக்கு எதிரி. ஃப்ரேமில் துணியை நகர்த்துகிற மிஷினின் அடிப்பல்லுக்கு வேலை இல்லை, எல்லாம் கையிழுப்பு, நேர்கோடு கொஞ்சம் நெளியத்தான் செய்யும், ஸ்கேல் வைத்துப் பிடித்தால்தான் நேராகும். வாக்கிங் ஃபுட் (மேல் துணியையும் சேர்த்து நகர்த்துகிற பாதம்) மாட்டிய சாதாரண மிஷினில் அதே கோடு ரயில் தண்டவாளம் மாதிரி வரும். வளைவும் சுருளுமாக மனசு போன போக்கில் ஓட்டுகிறவருக்குத்தான் ஃப்ரேம்.

அடிநூல் சுற்றிய பாபினையும் பாருங்கள். இடப்பக்கத்திலிருந்து பாபின் போடுகிற மிஷினானால் ஃப்ரேமில் அது உங்கள் முகத்துக்கு நேரே வரும், சுலபம். மேலே மூடியைத் திறந்து பாபினை உள்ளே போடுகிற வகையானால் அந்த மூடியின் மேல்தான் போர்வை விரிந்து கிடக்கும். பாபின் தீரும்போதெல்லாம் மிஷினைத் துணிக்கு வெளியே ஓட்டிக்கொண்டு போகணும், இல்லை துணியைத் தளர்த்தித் தூக்கணும். ஒரு போர்வைக்கு எத்தனை பாபின் போகும் என்று உங்களுக்கே தெரியும். வேகமும் ஒரு விஷயம். உங்களுடையதைப் போன்ற நேர்த்தையல் மிஷின்கள் நிமிஷத்துக்கு 1500 தையல் போடும், ஆனால் உங்கள் கை எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று அதற்குத் தெரியாது. கை நின்றால் ஒரே இடத்தில் பொடித் தையல், கை ஓடினால் நீளத் தையல். சக்கரத்தில் உணரி வைத்து, கை வேகத்துக்கேற்ப மிஷினை ஓட்டுகிற ஸ்டிட்ச் ரெகுலேட்டர் என்று ஒன்று உண்டு, பழைய ஃப்ரேம்களோடு அது பெரும்பாலும் வராது, தனியாக வாங்க வேண்டும். 700 அங்கேயே 700 இல்லை.

சரி, பெரிய மிஷினும் ஃப்ரேமுமாகவே வாங்கினால் என்ன? அதையும் போட்டுப் பார்ப்போம். மிஷினும் ஃப்ரேமும் சேர்த்து 4000 டாலருக்குக் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், நல்லதாக வேண்டுமென்றால் இதைத் தாண்டித்தான் போகும். 60க்கு 80 போர்வை 4800 சதுர அங்குலம். லாங்ஆர்ம் (உள்ளிடம் பெரிதான க்வில்டிங் மிஷின்) வைத்துக் கூலிக்குத் தைத்துத் தருகிறவர் சதுர அங்குலத்துக்கு 2 சென்ட் கேட்டால் 96 டாலர். 4000ஐ 96ஆல் வகுத்தால் நாற்பத்திரண்டு போர்வை. நீங்கள் வருஷத்துக்கு மூன்று தைக்கிறீர்கள். பதினாலு வருஷம்! அதற்குள் அம்மாவின் சேலை எல்லாம் தீர்ந்து அத்தையின் பீரோவுக்குப் போயிருப்பீர்கள். ஆனால் கூலிக்குக் கொடுத்தால் "நான் தைத்தது" என்று சொல்ல மனசு வராது என்று ஒரு சாரார் சொல்வார்கள், நானும் அந்தக் கட்சிதான். அப்படியானால் நடுவழி ஒன்று இருக்கிறது. உங்கள் பக்கத்தில் லாங்ஆர்ம் மிஷினை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற க்வில்ட் கடைகள் இருக்கும். முதலில் அவர்கள் வகுப்பில் ஒருமுறை உட்காரச் சொல்வார்கள், அப்புறம் நீங்களே போய் ஓட்டலாம். மூன்று போர்வையை அப்படித் தைத்துப் பாருங்கள். மூன்றாவதிலும் ஆசை குறையவில்லை என்றால் பிறகு வாங்குவதைப் பற்றி எனக்கு எழுதுங்கள்.

முட்டிக்கு உடனடி வைத்தியமும் சொல்கிறேன். லாங்ஆர்ம்காரர்கள் பலர் மூன்று அடுக்கையும் பெரிய தையலில் நூலோட்டி மட்டும் தருவார்கள், முழுத் தையலுக்கான கூலியை விட ரொம்பக் குறைவு. அதை வாங்கி வந்து உங்கள் மிஷினில் நீங்களே தைக்கலாம், பின்னும் இல்லை தரையும் இல்லை. சுருட்டித் திணித்துத் தைப்பதில் வருகிற தோள்வலிக்கு ஒரு காரணம் மிஷின் மேசைக்கு மேலே எழும்பி நிற்பது. மிஷின் தளமும் மேசைத் தளமும் ஒரே மட்டமாக வரும்படி மேசையில் பள்ளம் வெட்டி இறக்குங்கள், இடப்பக்கமும் பின்பக்கமும் இன்னொரு மேசையைப் போட்டு முட்டுக்கொடுங்கள். போர்வை கீழே தொங்கி இழுக்கிற பாரம்தான் தோளைக் கொல்கிறது, அந்த 9 அங்குலம் இல்லை. எனக்கு இதைச் செய்தபிறகுதான் ஃப்ரேமை விற்க மனசு வந்தது.

எவ்வளவு சொன்னாலும் நீங்கள் வாங்கத்தான் போகிறீர்கள் என்று ஒரு பட்சி சொல்கிறது. ஹூஸ்டனில் இருந்துகொண்டு பார்க்காமல் வாங்குவது பாவம். வருஷா வருஷம் இலையுதிர் காலத்தில் ஜார்ஜ் ஆர். பிரவுன் மாநாட்டு மையத்தில் சர்வதேச க்வில்ட் திருவிழா நடக்கிறது, மற்ற நாட்டுக்காரர்கள் விமானம் ஏறி வருகிறார்கள், உங்களுக்கு வாசல் பக்கம். மிஷின்களை வரிசையாக ஓடவிட்டு வைத்திருப்பார்கள். போங்கள், கூச்சப்படாமல் கைப்பிடியைப் பிடித்து ஓட்டுங்கள், "80 அங்குலத்தில் கடைசி 10 அங்குலம் எப்படி இருக்கும், சுருளோடு காட்டுங்கள்" என்று கேளுங்கள். பழசு வாங்கினால் தண்டவாளத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள், துரு நெருடக்கூடாது. ஹூஸ்டன் புழுக்கத்தில் கராஜில் கிடந்த ஃப்ரேம் என்றால் நெருடும். தட்டைத் தள்ளிவிட்டால் தானாக ஒரு பக்கம் ஓடக்கூடாது. நீங்களும் கராஜில் வைக்காதீர்கள், டிரெட்மில்லை வேண்டுமானால் அனுப்புங்கள்.

இன்னும் ஒரு விஷயம், சேலைக்காக. ஃப்ரேமில் ஏற்றினாலும் வாடகைக்குப் போனாலும் அடித்துணி நாலு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக வேண்டும். 60க்கு 80 போர்வைக்கு 68க்கு 88. ஐந்தரை மீட்டர், 45 அங்குல அகலச் சேலையை 88 அங்குலமாக இரண்டு துண்டு வெட்டிப் பக்கவாட்டில் சேர்த்தால் தாராளமாக வந்துவிடும், மிச்சத்தில் ஓரப்பட்டியும் அடிக்கலாம். சுங்குடி சாயம் போகும், அதனால் வெட்டுவதற்கு முன் தனியாக அலசுங்கள். ஜரிகை வருகிற இடத்தை அடியிலேயே வைக்காதீர்கள், ஊசி ஒடிந்தால் என்னைத் திட்டாதீர்கள்.

கேள்வி: அக்கா, நான் கையால் மட்டும் தைக்கிறவள். ஆரி வேலைக்கு வாங்கிய மர ஸ்டாண்ட் சும்மா இருக்கிறது. அதிலேயே க்வில்ட் தைக்கலாமா, இல்லை கை க்வில்டிங்குக்கென்று தனி ஃப்ரேம் வாங்க வேண்டுமா? பெரியம்மா மகள் அமெரிக்காவிலிருந்து வருகிறாள், சொன்னால் கொண்டுவருவாள்.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பெட்டியில் அந்த இடத்துக்கு வேறு ஏதாவது கேளுங்கள். ஆரி ஸ்டாண்டே போதும், ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஆரிக்குத் துணியைத் தட்டினால் "டங்" என்று கேட்கிற மாதிரி இழுத்துக் கட்டுவோம் இல்லையா, க்வில்டிங்குக்கு அப்படிக் கட்டினால் கை அவ்வளவுதான். இங்கே ஊசியை நிமிர்த்திக் குத்தி, அடியில் இருக்கிற விரலில் நுனி பட்டதும் சாய்த்து மேலே கொண்டுவந்து, ஏற்றி இறக்கி ஒரே மூச்சில் மூன்று நாலு தையல் எடுப்பது வழக்கம். துணி கொஞ்சம் தொய்ந்திருந்தால்தான் ஊசி ஆடும். அடியிலிருந்து விரலால் தள்ளினால் மேடு தெரிய வேண்டும், அந்த அளவு தளர்ச்சி. ஊசியும் ஆரி ஊசி இல்லை. குட்டையான, மெல்லிய க்வில்டிங் ஊசி வேண்டும், 9 அல்லது 10 நம்பர். நடுவிரலுக்குத் தையற்காரர் மாட்டுகிற உலோகத் தொப்பி கட்டாயம்.

ஸ்டாண்ட் இல்லாதவர்களுக்கு: ஹார்டுவேர் கடையில் முக்கால் அங்குல பிவிசி பைப்பும் நாலு எல்போவும் வாங்கிச் சதுரமாகச் சொருகுங்கள், பசை வேண்டாம். அதைவிட ஒரு அளவு பெரிய பைப்பில் சாண் நீளத் துண்டுகளை நீளவாக்கில் அறுத்து ஒரு கீற்றை எடுத்துவிட்டால் துணியின் மேல் கவ்விக்கொள்கிற கிளிப் தயார். அமெரிக்காவில் இதே சாமானைப் பெயர் போட்டு விற்கிறார்கள். விளிம்புகளைத் தேய்த்துவிடுங்கள், இல்லையென்றால் சேலை கிழியும். மூன்று அடுக்கையும் நூலோட்டிய பிறகுதான் இதில் மாட்ட வேண்டும், ராத்திரி கழற்றி வையுங்கள், மடிப்பு விழாது.

உண்மையில் ஃப்ரேமே இல்லாமலும் ஆகும். வங்காளத்துக் காந்தா (நம் கந்தையும் அதுவும் ஒரே சொல்லின் பிள்ளைகள்) பழைய சேலைகளைத் தரையில் விரித்து, நூலோட்டி, மடியில் போட்டுக்கொண்டே தைப்பது. உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி என்கிற ஆப்பிரிக்க வம்சாவளிச் சமூகத்துப் பெண்கள் தைக்கிற கவந்திப் போர்வை இன்னும் வேடிக்கை. துண்டுகளை முன்கூட்டிச் சேர்ப்பதே இல்லை, ஓரத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு துண்டாக மடித்து வைத்துத் தைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள், சேர்ப்பதும் க்வில்ட் செய்வதும் ஒரே தையலில் முடிந்துவிடும். அமெரிக்காவில் ஃப்ரேமைச் சுற்றி நாலைந்து பெண்கள் உட்கார்ந்து சேர்ந்து தைப்பார்கள். இடம் இல்லாத வீடுகளில் ஃப்ரேமைக் கயிறு கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிட்டு, வேலை முடிந்ததும் மேலே ஏற்றிவிடுவார்களாம். ஊஞ்சல் கொக்கி உள்ள வீடு உங்களுடையது என்றால் நீங்களும் முயற்சி செய்யலாம், மாமியாரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

மிஷின் எதையாவது கொண்டுவரச் சொல்லும் எண்ணம் இருந்தால், அங்கே 120 வோல்ட், இங்கே 230. நேரே சொருகினால் புகைதான்.

கேள்வி: ஃப்ரேம் ஏற்கெனவே வாங்கிவிட்டேன் மேடம், அதனால் வாங்கலாமா என்று கேட்கவில்லை! வளைவுகளில் மட்டும் அடிப்பக்கம் நூல் கண்ணிமை மயிர் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. நேராகப் போகும்போது சரியாக இருக்கிறது. மிஷினை மாற்ற வேண்டுமா?
– வாசகி, டொராண்டோ

பதில்: மிஷின்மேல் பழி போடாதீர்கள், வளைவில் மட்டும் வருகிறது என்றால் கைவேகம்தான் முதல் குற்றவாளி. நேர்கோட்டில் போகிற வேகத்திலேயே வளைவிலும் திருப்பினால் ஊசி இழுபட்டு வளையும், முடிச்சு இறுகுவதற்குள் நூல் இழுபட்டுவிடும். வளைவுக்கு முன்னால் மூச்சை விட்டு மெதுவாகத் திரும்புங்கள். ஊசியை ஒரு நம்பர் தடிமனாக்குங்கள், 90 போட்டிருந்தால் 100. அப்புறம் துணியின் விறைப்பு: முரசு மாதிரி இழுத்திருப்பீர்கள், எல்லாரும் முதலில் அதைத்தான் செய்கிறோம். கோவை வாசகிக்குச் சொன்னதைப் படியுங்கள், அது கைக்கு மட்டும் இல்லை. விறைத்த துணியில் தையல் தாண்டும், நூல் அறும். உருளையின் பல்லை இரண்டு கிளிக் தளர்த்துங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு மிச்சம் இருந்தால் மேல்நூல் டென்ஷனைக் கால் சுற்று இறுக்கி, ஓரத்தில் விட்ட 4 அங்குலத் துணியில் ஓட்டிப் பாருங்கள், போர்வை மேல் வேண்டாம். மேல்நூலை ஒருமுறை முழுசாகக் கழற்றி மறுபடி கோர்க்கவும் செய்யுங்கள், டென்ஷன் தட்டுக்குள் நூல் இறங்காமல் மேலே ஓடிக்கொண்டிருந்ததை நான் இரண்டு நாள் கழித்துக் கண்டுபிடித்திருக்கிறேன்.